பழைய டிவி, பழைய கேமரா: பர்ன்-இன் பயம் இருக்கறவங்க எதை எடுக்கலாம்?

"பழைய கேம் கன்சோல் ஒண்ணு வெச்சிருக்கேன், கூடவே பெட்டி நிறைய வீடியோ டேப், இதை ஓட்ட சிஆர்டி (பின்பக்கம் பெரிசா இருக்கற பழைய டியூப் டிவி) தேடவா, செகண்ட் ஹேண்ட்ல பிளாஸ்மா எடுக்கவா, இல்ல பேசாம வீட்டுல இருக்கற எல்சிடியே போதுமா, ஓஎல்இடி வாங்கினா ஸ்கோர் போர்டு அப்படியே ஸ்க்ரீன்ல பதிஞ்சிருமாமே" - இந்தக் கேள்வி வேற வேற வார்த்தையில எனக்கு வந்துகிட்டே இருக்கு. இப்ப இன்னொண்ணும் சேந்திருக்கு. பழைய டியூப் கேமராவுல வர்ற அந்த வால் நீளுற வெளிச்சம் வேணும், ஆனா டியூப்ல கறை விழும்னு சொல்றாங்க, டியூப்க்குப் பதிலா சிப்ல படம் பிடிக்கற சிசிடி கேம்கார்டர் எடுத்துடலாமான்னு. தனித்தனியா பதில் சொல்லி அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா இங்கயே கொட்டிடறேன்.

மொதல்ல ஒண்ணு. பர்ன்-இன்னு பேரு வெச்சதுலயே குழப்பம் ஆரம்பிச்சிருச்சு, டிவி திரையில எதுவும் எரியறதில்ல. தேய்மானம்தான் அது. செருப்பு ஒரு பக்கமா தேயுது பாருங்க, அந்த மாதிரி. ஒரே லோகோ ஒரே மூலையில ஆயிரக்கணக்கான மணி நேரம் நின்னா அந்த இடம் மத்த இடத்தைவிட அதிகமா உழைச்சு மங்கிப்போகும், அந்த வித்தியாசத்தைத்தான் நம்ம கண்ணு நிழலா பாக்குது. திரை முழுக்க சமமா தேஞ்சிருந்தா யாருக்கும் தெரியவே தெரியாது, கொஞ்சம் டல்லா இருக்கேன்னு பிரைட்னஸை ஏத்திட்டுப் போயிருவோம். அதனால "எந்த டெக்னாலஜி பர்ன் ஆகும்"னு கேக்கறதைவிட "இந்த ஸ்க்ரீன்ல இத்தனை வருஷமா என்ன ஓடுச்சு"ன்னு கேக்கறதுதான் சரியான கேள்வி. பழைய பெட்டி வாங்கும்போது முன்னாடி வெச்சிருந்தவர் பாத்த மணி நேரத்தையும் சேத்துத்தான் வாங்கறீங்க.

## எதை வெச்சு முடிவு பண்றது

நான் பாக்கறது நாலு விஷயம். உங்க திரையில அசையாம நிக்கப்போறது என்ன, அது எவ்வளவு நேரம் நிக்கும் (கேம்ல லைஃப் மீட்டர், சேனல் லோகோ, பழைய டிவி அளவான 4:3 படத்துக்கு ரெண்டு பக்கமும் வர்ற கருப்புப் பட்டை, இதெல்லாம் கணக்குல வரும்). ரெண்டாவது, நிழல் விழுந்தா தானா போகுமா, இல்ல காலத்துக்கும் நிக்குமா. மூணாவது, மேல சொன்ன முன்னாள் ஓனர் விஷயம், என்னைக் கேட்டா பாதி மார்க் இதுக்கே. நாலாவது கண்ணுக்குத் தெரியாத செலவு, அதாவது எடை, கரண்ட், சூடு, ரிப்பேர்னு வந்தா பார்ட்ஸ் கெடைக்குமா, ரிப்பேர் பண்ண ஆள் இருக்கா. விலையை இதுல சேக்கல, அது ஆளுக்கு ஆள் மாறும்.

## சிஆர்டி

ஸ்க்ரீன் பர்னுக்கு ஊரறிஞ்ச உதாரணமே இதுதான். 1980-ல வந்த பேக்-மேன் ஆர்கேட் மெஷினோட மானிட்டரைப் பாத்திருக்கீங்களா, சில மெஷின்ல சுவிட்சை ஆஃப் பண்ண பிறகும் அந்தக் கோட்டை மாதிரி கட்டம் கட்டமா இருக்கற பாதை மொத்தமும் கண்ணாடிக்குள்ள பழுப்பா தெரியும். எலக்ட்ரான் கற்றை வருஷக்கணக்கா ஒரே கோட்டுல அடிச்சு அடிச்சு பாஸ்பர்ங்கற ஒளிரும் பூச்சு செத்துப்போச்சு, போனது போனதுதான், திரும்பி வராது. அந்தக் காலத்துல இது பெரிய தலைவலி, 1977-ல வந்த அட்டாரி 2600 கன்சோல்ல நெறைய கேம் சும்மா விட்டா தானாவே கலர் மாத்திகிட்டே இருக்கும், பழுதுன்னு நெனச்சவங்க உண்டு, ஆனா டிவியைக் காப்பாத்தத்தான் அப்படி எழுதினாங்க. ஸ்க்ரீன் சேவர்னு ஒண்ணு வந்ததும் இதுக்காகத்தான், 1983-ல ஜான் சோச்சான்னு ஒருத்தர் ஐபிஎம் பிசிக்கு எழுதினது வெறுமனே திரையை அணைக்கற வேலையை மட்டும்தான் பண்ணுச்சு. நமக்கு ஸ்க்ரீன் சேவர்னா அழகுக்கு ஓடற பொம்மைன்னு ஆயிருச்சு, அது வேற கதை.

ஆனா பயப்படற அளவுக்கு வீட்டு டிவியில இது நடக்கறதில்ல. வீட்டு சிஆர்டியில படம், பாட்டு, நியூஸ்னு மாறி மாறி ஓடியிருக்கும், தேய்மானமும் பரவலா விழுந்திருக்கும். பர்ன் ஆன சிஆர்டி எங்க இருந்து வருதுன்னு பாத்தா பெரும்பாலும் கடையில, ஆபீஸ்ல, செக்யூரிட்டி ரூம்ல இருந்து எடுத்தது. பச்சை எழுத்து மோனோகுரோம் மானிட்டர்னா இன்னும் உஷாரா இருங்க, ஒரே மெனு வருஷம் பூரா நின்னிருக்கும்.

சிஆர்டியோட உண்மையான செலவு பர்ன்-இன்ல இல்ல, வேற எடத்துல இருக்கு. தூக்க ரெண்டு ஆளு வேணும். புது டியூப்க்கு வழியே இல்லன்னு வெச்சுக்கோங்க. கப்பாசிட்டர் காஞ்சுபோகும், ஃபோகஸ் நழுவும், ஓரத்துல கலர் கறை வரும் (அது பர்ன் இல்ல, காந்தம் பிடிச்சது, டீகாஸ் பண்ணா, அதாவது அந்தக் காந்தத்தை நீக்கினா போயிரும், இதைப் பர்ன்-இன்னு நெனச்சு நல்ல டிவியைத் தூக்கிப் போட்டவங்களை நானே பாத்திருக்கேன்). முக்கியமா பின்மூடியைக் கழட்டாதீங்க, கலர் டியூப் ஆனோடுல (பாசிட்டிவ் முனையில) ஏறக்குறைய 25,000 வோல்ட் வரும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் சார்ஜ் உள்ள உக்காந்திருக்கலாம்.

யாருக்கு இது: படத்தை 240 கோடா வரையற பழைய கன்சோல் கேம் ஆடறவங்க, லைட் கன் (திரையைப் பாத்துச் சுடற கேம் துப்பாக்கி) வெச்சிருக்கறவங்க. அந்தத் துப்பாக்கி கற்றை ஓடற நேரத்தை வெச்சுத்தான் குறி எங்கன்னு கணக்குப் போடுது, தட்டை ஸ்க்ரீன்ல எவ்வளவு சுட்டாலும் பதிவாகாது. டேப் பாக்கவும் இதுதான் பொருத்தம்.

ஒரு கிளைக்கதை. ப்ரொஜெக்ஷன் டிவின்னு பெரிய அலமாரி சைஸ்ல ஒண்ணு வரும், உள்ள சிவப்பு பச்சை நீலத்துக்கு மூணு குட்டி டியூப். சின்ன டியூப்ல இருந்து அவ்வளவு பெரிய படம் வரணும்னா உச்ச வெளிச்சத்துல ஓட்டணும், அதனால சாதா சிஆர்டியைவிட சீக்கிரமா நிழல் விழும், அதுவும் ஒரு கலர்ல மட்டும் அதிகமா விழுந்து கலர் கலரா பேய் தெரியும். சும்மா குடுத்தாலும் வேணாம்.

## பிளாஸ்மா

இதைப் பத்தி எழுதும்போது கொஞ்சம் வயித்தெரிச்சல் வரும், காரணம் சொல்றேன். ஒருத்தர்கிட்ட பழைய பிளாஸ்மா ஒண்ணு எடுத்தேன், அவர் ஒரு ஆக்ஷன் படம் போட்டுக் காமிச்சார், கருப்பு அப்படியே கருப்பா, அசைவு வழவழன்னு, நான் அங்கயே விழுந்துட்டேன். வீட்டுக்குக் கொண்டாந்து அன்னிக்கு ராத்திரி ஃபுட்பால் போட்டா, பச்சைப் புல்தரைக்கு அடியில ஒரு அகலமான பட்டை, அதுல இடது பக்கம் சதுரமா ஒரு கட்டம், கிட்டக்க போய்ப் பாத்தா கட்டத்துக்குள்ள மணி காட்டற இடத்துல நடு ரெண்டு புள்ளி தெளிவா தெரியுது. நம்பர் மாறிகிட்டே இருந்திருக்கும்ல, அது மங்கலாயிருச்சு, அந்த ரெண்டு புள்ளி மட்டும் நகரவே இல்ல. வருஷக்கணக்கா ஒரே நியூஸ் சேனல். அவரைக் குத்தம் சொல்லி என்ன, நான்தான் டெஸ்ட் பண்ணாம எடுத்தேன்.

பிளாஸ்மா உள்ள நடக்கறது இதுதான்: ஒவ்வொரு குட்டி அறையிலயும் நியான், செனான் மாதிரி வாயு இருக்கு, கரண்ட் பாஞ்சதும் புற ஊதாக் கதிர் வரும், அது பாஸ்பரைத் தட்டி வெளிச்சமாக்கும். பாஸ்பர்னு வந்துட்டாலே தேய்மானம் உண்டு, அதுல நீலம் மத்த ரெண்டையும்விட சீக்கிரம் சோந்துபோகும், அதனால பழைய பிளாஸ்மாவுல வெள்ளை லேசா மஞ்சளடிக்கும். ஆனா இங்க ரெண்டு விதமான நிழல் இருக்கு, இதைப் பிரிச்சுப் பாக்கணும். ஒண்ணு தற்காலிகமானது, அரை மணி நேரம் கேம் ஆடிட்டு ஆஃப் பண்ணா மீட்டர் லேசா தெரியும், வேற ஏதாவது ஓட்டினா போயிரும். இன்னொண்ணு நான் மாட்டினது, போகாது. தேஞ்சது தேஞ்சதுதான், வேணும்னா மத்த இடத்தையும் தேய்ச்சு சமமாக்கலாம், பல செட்ல வெள்ளைப் பட்டை ஓடற ஆப்ஷன் இருக்கே, அது நிரந்தர நிழலுக்கு ஏதாவது பண்ணுதுன்னா இந்த வேலையைத்தான் பண்ணுது. நான் ராத்திரி ராத்திரி ஓட விட்டேன், பட்டை கொஞ்சம் மங்குச்சு, ரெண்டு புள்ளி மட்டும் அசையல.

புதுசா இருந்த மொத சில நூறு மணி நேரத்துலதான் நிழல் சுலபமா பிடிக்கும்னு அப்ப சொல்லுவாங்க, பழசு அந்த வயசைத் தாண்டியிருக்கும், அது ஒரு நிம்மதி. கடைசி காலத்து பேனல்களுக்கு வெளிச்சம் பாதியாகவே 1,00,000 மணி நேரம் ஆகும்னு கம்பெனிங்க சொன்னாங்க, ஆனா அது திரை முழுக்க சமமா தேயற கணக்கு, மூலையில நிக்கற லோகோவுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது. 4:3 படத்தை அப்படியே பட்டையோட பாத்துகிட்டே இருந்தா நடுப்பகுதி தேஞ்சு ரெண்டு ஓரமும் புதுசா நிக்கும், அப்புறம் அகலப் படம் போடும்போது ஓரம் பளிச்சுன்னு தெரியும். சில செட்ல பட்டையைச் சாம்பல் கலர்ல வெக்க ஆப்ஷன் இருக்கும், அசிங்கமா இருந்தாலும் போட்டு வைங்க.

செலவுன்னு பாத்தா கரண்ட், 42, 50 இன்ச் பிளாஸ்மா வெளிச்சமான காட்சியில 300 வாட்டைச் சுலபமா தாண்டும், ரூம் சூடாகும், சிலதுல ங்ங்-ன்னு ஒரு சத்தம் வரும், எடையும் கம்மியில்ல. பேனசானிக் 2013 கடைசியில உற்பத்தியை நிறுத்திட்டாங்க, சாம்சங்கும் எல்ஜியும் 2014-ல, பயோனியர் அதுக்கு முன்னாடியே வெளிய போயிட்டாங்க, அதனால பேனல் போச்சுன்னா வேற பேனலுக்கு இன்னொரு பழைய டிவியைத்தான் அறுக்கணும்.

யாருக்கு இது: படம் பாக்கறவங்க, அதுவும் ராத்திரி இருட்டு ரூம்ல பாக்கறவங்க. நாள் முழுக்க நியூஸ் ஓடற வீட்டுக்கு ஆகவே ஆகாது.

## எல்சிடி

இதுல சொல்ல அதிகம் இல்ல. இங்க தேய பாஸ்பர் பூச்சு பிக்சல்ல இல்ல, பின்னாடி இருக்கற விளக்குதான் வெளிச்சம், முன்னாடி திரவப் படிகம் கதவு மாதிரி திறந்து மூடுது. ஒரே படம் ரொம்ப நேரம் நின்னா உள்ள மின்னூட்டம் தேங்கி கொஞ்ச நேரம் நிழல் தெரியும், பெரும்பாலும் அணைச்சு வெச்சா இல்ல சில மணி நேரம் வெள்ளைத் திரை ஓட்டினா போயிரும். போகாம நிக்கறது வேற விஷயம், பழைய எல்சிடியில பின்னாடி இருக்கற குழல் விளக்கு மங்கி மஞ்சளாகும், சூட்டுல போலரைசர்ங்கற வடிகட்டிப் படலம் ஓரத்துல கெட்டு மேகம் மாதிரி தெரியும். அதைப் பர்ன்-இன்னு நெனச்சு வெள்ளைத் திரை ஓட்டிகிட்டு உக்காராதீங்க, ஒண்ணும் ஆகாது.

இதோட செலவு படத்துலதான். பழைய கேமை இழுத்துப் பெரிசாக்கி கொழகொழன்னு காட்டும், பட்டன் அமுக்கினதுக்கும் குதிக்கறதுக்கும் நடுவுல ஒரு தாமதம், கருப்பு சாம்பலா இருக்கும். ஆனா சிசிடிவி மானிட்டர், கடையில கணக்கு மெஷின், நாள் பூரா ஒரே டேஷ்போர்டு நிக்கற இடம், இதுக்கெல்லாம் எல்சிடியைத் தவிர வேற எதையும் யோசிக்கவே வேணாம்.

## ஓஎல்இடி

பழைய ஓஎல்இடியும் இப்ப செகண்ட் ஹேண்ட்ல வந்தாச்சு. சோனியோட எக்ஸ்இஎல்-1, 11 இன்ச், 2007-ல வந்தது இப்ப சேகரிக்கறவங்க பொருள், அதை விடுங்க. நம்ம கையில சிக்கறது 2013-க்கு அப்புறம் வந்த பெரிய டிவிகளும் ஆமோலெட் (ஓஎல்இடியில ஒரு வகை) திரை வெச்ச போன்களும். இங்க ஒவ்வொரு பிக்சலும் தானே வெளிச்சம் தருது, கரிமப் பொருள் உழைக்க உழைக்க மங்கும், போன்ல வழக்கம்போல நீலம்தான் மொதல்ல சோரும். மேல பேட்டரி, மணி காட்டற பட்டை, கீழ மூணு பட்டன், கீபோர்டு நிக்கற இடம், பழைய ஆமோலெட் போன்ல சாம்பல் படம் ஒண்ணு போட்டா இது எல்லாமே வரிசையா எட்டிப் பாக்கும்.

டிவி வாங்கறவங்க கேக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கு, யாரும் கேக்கறதில்ல: "ராத்திரி ரிமோட்ல அணைப்பீங்களா, சுவர் சுவிட்சையே அணைச்சிருவீங்களா?" பல ஓஎல்இடி டிவி சில மணி நேரம் ஓடின பிறகு, ரிமோட்ல அணைச்சதும், ஸ்டாண்ட்பைல இருந்துகிட்டு பிக்சல்களைச் சரிபாக்கற வேலையைத் தானா பண்ணும். கரண்ட் மிச்சம்னு சுவர் சுவிட்சை அணைக்கற நல்ல பழக்கம் உள்ள வீட்டுல அந்த வேலை நடந்திருக்கவே நடந்திருக்காது. சிக்கனம்தான், ஆனா டிவிக்குக் கெடுதல்.

யாருக்கு இது: வகைவகையா பாக்கறவங்க, வெளிச்சத்தைக் கொறச்சு வெச்சுக்கறவங்க. ஒரே கேமை மாசக்கணக்கா ஆடற ஆளா இருந்தா செகண்ட் ஹேண்ட் ஓஎல்இடி எடுக்காதீங்க, ஏற்கனவே பாதி தேஞ்சதுல நீங்க மீதியைத் தேய்ப்பீங்க.

## ஒரே பார்வையில

| | சிஆர்டி | பிளாஸ்மா | எல்சிடி | ஓஎல்இடி |
|---|---|---|---|---|
| நிழல் போகுமா | போகாது | தற்காலிகம் போகும், நிரந்தரம் போகாது | பெரும்பாலும் போயிரும் | போகாது, ஓரளவு மறைக்கலாம் |
| எதுக்கு நல்லது | பழைய கேம், டேப் | இருட்டுல படம் | அசையாத படம் | கலந்து பாக்கறது |
| மறைஞ்ச செலவு | எடை, ரிப்பேர் ஆள் | கரண்ட், சூடு, பேனல் இல்ல | படத் தரம், தாமதம் | ஏற்கனவே தேஞ்ச மணி நேரம் |
| எங்க இருந்து வாங்கக் கூடாது | ஆர்கேட், செக்யூரிட்டி ரூம் | நியூஸ் ஓடின வீடு, ஆபீஸ் வரவேற்பறை | எங்கன்னாலும் சரி | ஷோரூம் டெமோ |

வாங்கப் போகும்போது பென் டிரைவ்ல சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளைன்னு ஒரே கலர் படம் அஞ்சு எடுத்துட்டுப் போங்க, பழைய சிஆர்டிக்குன்னா அதே படங்களை டிவிடியில போட்டு பிளேயரோட தூக்கிட்டுப் போகணும். டிவி சூடாக இருபது நிமிஷம் விடுங்க, லைட்டை அணைக்கச் சொல்லுங்க. விக்கறவர் படம் போட்டுக் காமிக்கறேன்னு சொன்னா சரிங்கன்னு பாருங்க, அப்புறம் உங்க சாம்பல் படத்தைப் போடுங்க. சிஆர்டின்னா கூடவே ஆஃப் பண்ணிட்டு டார்ச் அடிச்சுக் கண்ணாடிக்குள்ள பாருங்க.

## கேமரா: டியூப்பா, சிசிடியா

டிஸ்ப்ளே வெளிச்சம் தந்து தேயுது, டியூப் கேமரா வெளிச்சம் வாங்கிக் கெடுது. உள்ள ஒரு ஒளி உணர் பூச்சு இருக்கும், அதுமேல லென்ஸ் படத்தைப் போடும், எலக்ட்ரான் கற்றை அதைப் படிக்கும். அளவுக்கு மீறி வெளிச்சம் விழுந்தா அந்த இடத்துல தழும்பு. இங்க மட்டும் எரியறதுங்கற வார்த்தை ஓரளவு பொருந்தும். இதுக்கு பூமியில உதாரணம் தேட வேண்டாம், 1969 நவம்பர்ல அப்பல்லோ 12 நிலாவுல இறங்கினப்ப ஆலன் பீன் கலர் டிவி கேமராவை ஸ்டாண்டுக்கு மாத்தும்போது அது சூரியனைப் பாத்துருச்சு, டியூப் போச்சு, அதுக்கப்புறம் நிலவு நடை முழுக்க பூமியில இருந்தவங்களுக்குக் குரல் மட்டும்தான்.

டியூப்ல பல வகை. விடிகான் 1950-ல ஆர்சிஏ கொண்டாந்தது, மலிவு, ஆனா வால் நீளும், தழும்பும் சுலபமா விழும். பிளம்பிகான் பிலிப்ஸ் 1960-கள்ல கொண்டாந்தது, ஈய ஆக்சைடு பூச்சு, வால் கம்மி, ஸ்டுடியோக்காரங்க இதைத்தான் வெச்சிருந்தாங்க. வீட்டுக் கேமராவுல சாட்டிகான், நியூவிகான், டிரினிகான் வரும், 1984-ல ஜேவிசி விட்ட ஜிஆர்-சி1 கேம்கார்டர்ல கூட சாட்டிகான் டியூப்தான். அதுக்கும் முந்தின இமேஜ் ஆர்த்திகான் காலத்துல ஒரே ஷாட்டை ரொம்ப நேரம் வெச்சா படம் ஒட்டிக்கும், அதனால படத்தை மெல்ல வட்டமா நகத்திகிட்டே இருக்க ஆர்பிட்டர்னு ஒரு ஏற்பாடு இருந்துச்சு. பிளாஸ்மா டிவி மெனுவுல பிக்சல் ஆர்பிட்டர்னு ஒண்ணு பாத்திருப்பீங்களே, அதே யோசனை, அதே பேரு.

டியூப் கேமரா எடுக்கறதுன்னா செலவு இது: லேசான தழும்பு சீரா வெளிச்சம் விழற வெள்ளை அட்டையைக் காட்டி கொஞ்ச நேரம் ஓட்டினா மங்கும், ஆழமானது மங்காது, டியூப் மாத்தணும், டியூப் யாரும் செய்யறதில்ல. லென்ஸ் கீழ பாக்கற மாதிரி வெக்கக் கூடாது, உள்ள இருக்கற துகள் பூச்சுமேல விழுந்து நிரந்தரப் புள்ளியாயிரும். பல மாடல்ல ரெக்கார்டர் தனிப் பெட்டி, கேபிள், பேட்டரி, தோள் வலி.

சிசிடி இந்தத் தொல்லை எதுவும் இல்லாம வந்தது. 1969-ல பெல் லேப்ஸ்ல வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் யோசிச்சது, 1980-கள் நடுவுல வீட்டுக் கேமராவுக்குள்ள வந்துருச்சு. விளக்கைக் காட்டினா தழும்பு விழாது, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு செங்குத்துக் கோடு விழும், விளக்கு நகந்தா கோடும் போயிரும். ஆனா இதுக்கும் எமன் உண்டு: மேடையில அடிக்கற லேசர் நேரா லென்ஸ்ல பட்டா பிக்சல் செத்துப்போகும். 2000-கள் தொடக்கத்துல வந்த சில சிசிடி சிப்ல சூட்டுலயும் ஈரத்துலயும் உள் இணைப்பு விட்டுப்போய் படம் ஊதா கலராவோ மொத்தமா கருப்பாவோ ஆகும். 80-கள் கடைசியில, 90-கள் ஆரம்பத்துல வந்த கேம்கார்டர்ல கப்பாசிட்டர் ஒழுகி போர்டையே தின்னுரும்.

என் முடிவு கேட்டா, கல்யாணம், பிறந்தநாள்னு திரும்ப எடுக்க முடியாததை எடுக்கறவங்க சிசிடிக்குப் போங்க. மெழுகுவத்தியைக் கையில பிடிச்சு ஆட்டினா பின்னாடியே பச்சையா செவப்பா ஒரு வால் வரணும், அதுக்குத்தான் இந்தக் கேமராவே வேணும்னா டியூப்தான், சிசிடியில எடுத்து கம்ப்யூட்டர்ல வால் ஒட்டினா அது ஒட்டின மாதிரியேதான் இருக்கு, நான் முயற்சி பண்ணியாச்சு.

எதை எடுத்தாலும் லென்ஸ் மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி வியூஃபைண்டரைப் பாருங்க. பழைய கேமராவுல அது ஒரு கட்டைவிரல் சைஸ் கருப்பு வெள்ளை சிஆர்டி, பேட்டரி அடையாளமும் டேப் கவுண்டரும் அதுலயும் நிழலா பதிஞ்சிருக்கும், கேமரா எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு விக்கறவர் சொல்றதைவிட அது சரியா சொல்லும். வாங்கி வந்த பிறகு கண்ணு வெக்கற பக்கம் ஜன்னலைப் பாத்து இருக்கற மாதிரி வெக்காதீங்க, அந்தப் பூதக்கண்ணாடி வழியா வெயில் உள்ள குவிஞ்சு குட்டித் திரையைப் பொசுக்கிரும், லென்ஸுக்கு மூடி போட்டு பத்திரமா வெச்சவங்க பல பேரு இந்தப் பக்கத்தை மறந்துடறாங்க.